பிட்டிலிருந்து பொதிக்கு: கம்பியில்லா உணரிக் கணுக்களில் செயலி, ரேடியோ தெரிவின் வரலாறு (1998–2006)

ஆய்வுச் சுருக்கம்

கம்பியில்லா உணரி வலையமைப்புகளின் கணுக்களுக்கு எந்தச் செயலி, எந்த ரேடியோ என்று தெரிவு செய்யப்பட்ட வரலாறு, பாடநூல்களில் பெரும்பாலும் வேகமும் நினைவகமும் படிப்படியாக வளர்ந்த கதையாகவே சொல்லப்படுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1998 முதல் உருவான கணு வரிசையை முதன்மைச் சான்றாகக் கொண்டு, அவ்வரலாற்றின் மையம் வேறு என்று இக்கட்டுரை வாதிடுகிறது. செயலியின் வேலை எங்கே முடிந்து ரேடியோவின் வேலை எங்கே தொடங்குகிறது என்னும் எல்லை, பிட்டிலிருந்து பைட்டுக்கும் பைட்டிலிருந்து பொதிக்கும் நகர்ந்ததே அம்மையம். அந்நகர்வு மின்கலத்தின் ஆயுளை நீட்டியது. ஆனால் ஆய்வாளர் கையிலிருந்த சில உரிமைகளையும் எடுத்துக்கொண்டது.

திறவுச்சொற்கள்: உணரிக் கணு, நுண்கட்டுப்படுத்தி, ரேடியோ, டெலோஸ், மைக்கா, ஆற்றல் சிக்கனம், ஊடக அணுகல் நெறிமுறை

முன்னுரை

உணரிக் கணு என்பது நான்கு உறுப்புகளின் சேர்க்கை: உணரி, செயலி, ரேடியோ, மின்கலம். இவற்றுள் உணரியைப் பயன்பாடே முடிவு செய்துவிடுகிறது. மண்ணின் ஈரத்தை அளக்க வேண்டுமெனில் அதற்குரிய உணரிதான் வேண்டும். அங்கே தெரிவுக்கு இடம் குறைவு. மின்கலத்தையும் பெரும்பாலும் பெட்டியின் அளவும் விலையும் முடிவு செய்கின்றன. எனவே வடிவமைப்பாளர் உண்மையில் தெரிவு செய்வது செயலியையும் ரேடியோவையுமே. இங்கு செயலி என்பது, நினைவகமும் துணைக்கருவிகளும் ஒரே சில்லில் அமைந்த நுண்கட்டுப்படுத்தியைக் குறிக்கும். ரேடியோ என்பது அனுப்பியும் ஏற்பியும் சேர்ந்த சில்லு.

இவ்விரண்டையும் தனித்தனிப் பட்டியல்களிலிருந்து எடுத்துப் பொருத்திவிடலாம் என்ற எண்ணம் இத்துறையின் தொடக்கத்திலேயே பொய்த்துவிட்டது. ஆயினும் பின்வந்த மதிப்பாய்வுக் கட்டுரைகள் பலவும் ஒரு நிரலில் செயலிகளையும் மறு நிரலில் ரேடியோக்களையும் அடுக்கும் அட்டவணைகளையே திரும்பத் திரும்பத் தருகின்றன. இரண்டு நிரல்களுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பற்றி அந்த அட்டவணைகளிலிருந்து ஒன்றும் அறிய முடிவதில்லை.

தூசி என்னும் இலக்கும் கடைச் சில்லுகளும்

பெர்க்லியைச் சேர்ந்த கிறிஸ் பிஸ்டர் 1997இல் ‘ஸ்மார்ட் டஸ்ட்’ என்னும் திட்டத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா நிறுவனத்திடம் முன்வைத்தார். உணரி, கணிப்பு, தொடர்பு மூன்றையும் ஒரு கன மில்லிமீட்டருக்குள் அடக்குவது இலக்கு. அத்தகைய சில்லு உருவாக ஆண்டுகள் பல பிடிக்கும். அதுவரை காத்திராமல், கடையில் கிடைக்கும் சில்லுகளைக் கொண்டே அதே கருத்தைச் சோதிக்க ஒரு கிளை முயற்சி தொடங்கிற்று. செத் ஹாலர் தம் முதுகலை ஆய்வேட்டில் விவரித்த இக்கருவிகள் ‘மோட்’, அதாவது தூசித்துகள், என்று பெயர் பெற்றன. துகள் என்றாலும் நாணயத்தின் அளவு இருந்தது. இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய இக்கிளையே பின்னர் ஒரு துறையின் தண்டாயிற்று.

அவ்வரிசையின் முதற்கணுவான வெக், 1998–99 காலத்தில் உருவானது. அட்மெல் நிறுவனத்தின் ஏடி90எல்எஸ்8535 என்னும் 8 பிட் நுண்கட்டுப்படுத்தி. 4 மெகாஹெர்ட்ஸ் வேகம். நிரலுக்கு 8 கிலோபைட் பிளாஷ் நினைவகம். தரவுக்கு வெறும் 512 பைட் ரேம். ரேடியோ, ஆர்எஃப்எம் நிறுவனத்தின் டிஆர்1000. அது 916.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. வினாடிக்கு 10 கிலோபிட் அனுப்பியது.

பிட்டைச் சுமந்த செயலி

டிஆர்1000 மிக எளிய ரேடியோ. உள்ளே வரும் மின்முனை உயர்ந்தால் அலை எழும்; தாழ்ந்தால் அடங்கும். பைட் என்பதோ பொதி என்பதோ அதற்குத் தெரியாது. ஒரு செய்தி எங்கே தொடங்குகிறது, ஒரு பிட் எப்போது முடிகிறது, வந்தது சரியா பிழையா என்பன அனைத்தையும் செயலியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் சுமையைக் கணக்கிட்டுக் காணலாம். வினாடிக்கு 10 கிலோபிட் என்றால் ஒரு பிட்டுக்கு 100 மைக்ரோவினாடி. 4 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது 400 கடிகாரத் துடிப்புகள். அந்த 400 துடிப்புகளுக்குள் ரேடியோவின் முனையைப் பார்த்து, பிட்டைச் சேர்த்து, பிழை திருத்தக் குறியீட்டைக் கையாண்டு, எஞ்சிய நேரத்தில் உணரியையும் கவனிக்க வேண்டும். ஒரு பணி சற்று நீண்டாலும் பிட் தவறிவிடும். பிட் தவறினால் செய்தியே தவறிவிடும்.

டைனிஓஎஸ் என்னும் இயங்குதளம் பிறந்த சூழல் இதுவே. ஜேசன் ஹில், ராபர்ட் செவ்சிக், அலெக் வூ, செத் ஹாலர், டேவிட் கல்லர், கிறிஸ் பிஸ்டர் ஆகியோர் 2000இல் வெளியிட்ட கட்டுரையில், நிகழ்வுகளை உடனுக்குடன் கவனித்து, நீண்ட பணிகளைப் பின்னுக்குத் தள்ளும் அமைப்பு முன்வைக்கப்பட்டது. நிகழ்வு வழிப்பட்ட அந்த நிரலாக்க முறையை ஒரு கோட்பாட்டுத் தெரிவாக மட்டும் கற்பிப்பது இன்றைய வழக்கம். பிட்டுக்குப் பிட் கைநீட்டிய ஒரு மலிவான ரேடியோவும் அதற்குக் காரணம் என்பது சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது.

அடுத்து வந்த ரெனே அதே ரேடியோவை வைத்துக்கொண்டது. 2001–02இல் வந்த மைக்காவும் ரேடியோவை மாற்றவில்லை, செயலியையே மாற்றியது. ஏடிமெகா வரிசைச் செயலியால் நிரலுக்கு 128 கிலோபைட்டும் தரவுக்கு 4 கிலோபைட்டும் கிடைத்தன. அட்டவணைகள் போற்றுவது இவ்வளர்ச்சியை. ஹில்லும் கல்லரும் செய்த முதன்மையான மாற்றம் வேறொன்று. செய்தியின் தொடக்கக் குறி கண்டறியப்பட்ட பின், பிட்டுகளைப் பைட்டாகத் திரட்டும் வேலையைச் செயலியிலிருந்து எடுத்து, அருகிலிருந்த தொடர்நிலைப் பதிவியிடம் அவர்கள் ஒப்படைத்தனர். ரேடியோ அதுவே; வேகம் மட்டும் வினாடிக்கு 40 கிலோபிட் ஆயிற்று. எல்லைக்கோடு முதன்முறை நகர்ந்தது இங்கேதான், அதுவும் புதிய சில்லு எதுவும் வாங்காமலேயே.

தீவு கற்பித்த கணக்கு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவில் 2002 கோடையில் 32 கணுக்கள் வைக்கப்பட்டன. லீச் புயற்பறவை என்னும் கடற்பறவை அங்கு மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது. அடைகாக்கும் தொடக்க வாரங்களில் மனிதர் தலையிட்டால் பறவை வளையைக் கைவிட்டுவிடக்கூடும். எனவே ஆய்வாளர் உள்ளே போகாமல் வளையின் வெப்பமும் ஈரமும் அறியப்பட வேண்டும். கணுவை வைத்துவிட்டு, பருவம் முடியும்வரை தொடாமலிருக்க வேண்டும்.

ஆலன் மெயின்வேரிங், ஜோசப் போலாஸ்டர், ராபர்ட் செவ்சிக், டேவிட் கல்லர், ஜான் ஆண்டர்சன் ஆகியோரின் 2002ஆம் ஆண்டுக் கட்டுரை இத்தேவையை எண்ணாக மாற்றியது. இரண்டு ஏஏ மின்கலங்களில் நம்பத்தக்க அளவு 2200 மில்லிஆம்பியர்-மணி. ஒன்பது மாதங்களுக்கு அதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 8.148 மில்லிஆம்பியர்-மணி. அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை.

இந்த எண்ணை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் பழைய பெருமைகள் பல சுருங்கிவிடும். பின்வந்த மைக்கா2 கணுவில் செயலி மட்டும் விழித்திருந்தால் 8 மில்லிஆம்பியர் தேவை. அதாவது ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செயலி விழித்திருந்தாலே அந்நாளின் பங்கு தீர்ந்துவிடும். ரேடியோவைத் தொடவே முடியாது. செயலி எத்தனை வேகமாகக் கணக்கிடுகிறது என்பதைவிட, எத்தனை விரைவில் விழித்து எத்தனை விரைவில் உறங்குகிறது என்பதே இங்குக் கேள்வியாகிறது.

இதே காலத்தில் வேறு பாதைகளும் இருந்தன. லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் வின்ஸ் திட்டமும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மைக்ரோஆம்ப்ஸ் திட்டமும் ஸ்ட்ராங்ஆர்ம் என்னும் 32 பிட் செயலியை எடுத்துக்கொண்டன. கணக்கிடுவது மலிவு, அனுப்புவது செலவு. ஆகவே கணுவிலேயே கணக்கிட்டுச் சுருக்கமாக அனுப்பு என்பது அவற்றின் வாதம். கிரெகரி பாட்டியும் வில்லியம் கைசரும் 2000இல் எழுதிய புகழ்பெற்ற கணக்கின்படி, ஒரு கிலோபிட் தரவை 100 மீட்டர் அனுப்பும் ஆற்றலில் 30 இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றலாம். வாதம் தவறன்று. எனினும், யாரும் எதையும் அனுப்பாதபோதும் ஏற்பியைத் திறந்து வைத்துக் காத்திருப்பதற்கு ஆகும் செலவு அக்கணக்கில் இல்லை. மாதத்தில் பெரும்பகுதி அமைதியாகக் கழியும் வலையமைப்பில் அந்தக் காத்திருப்பே பெருஞ்செலவு. சூரிச்சின் பிடிநோடும் இன்டெலின் ஐமோட்டும் புளூடூத்தை நாடின. கைப்பேசியோடு பேச அது வசதி. நீண்ட நாள் உறங்கிக் கிடக்க வேண்டிய பெரிய வலையமைப்புக்குப் பொருந்தவில்லை.

பைட் எல்லை: மைக்கா2

மைக்கா2 கணுவில் நார்வே நாட்டுச் சிப்கான் நிறுவனத்தின் சிசி1000 ரேடியோ இடம்பெற்றது. அதிர்வெண் மாற்றி அனுப்பும் முறையால் இரைச்சலைத் தாங்கும் திறன் கூடிற்று. 433, 868, 916 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு ஏற்ற வகைகள் கிடைத்தன. செயலி அதனிடம் பைட் பைட்டாகப் பேசியது.

ஆய்வாளர்க்கு இது ஒரு பொற்காலம் என்றே சொல்லத் தோன்றுகிறது. பிட்டின் சுமை தோளிலிருந்து இறங்கியது. ஆனால் பைட்டுகளின் ஓடை இன்னும் கையிலேயே இருந்தது. அதை எவ்வளவு நீளமாகவும் நீட்டலாம், நடுவில் மாற்றலாம், ஒவ்வொரு பைட்டும் போகும் கணத்தைக் குறித்துக்கொள்ளலாம். இத்துறையின் பெயர்பெற்ற நெறிமுறைகள் சில இந்த நெகிழ்வின்மேல் எழுந்தவை.

முதலாவது, போலாஸ்டர், ஹில், கல்லர் ஆகியோர் 2004இல் வெளியிட்ட பி-மேக். ஏற்பி பெரும்பாலும் உறங்கும். குறிப்பிட்ட இடைவெளியில் கண் திறந்து அலை உண்டா என்று மட்டும் பார்க்கும். அனுப்புவோர் அந்த இடைவெளியைவிட நீண்ட முன்னறிவிப்புத் தொடரை ஒலிக்கவிட்டுப் பின்னரே செய்தியை அனுப்புவர். இடைவெளி 100 மில்லிவினாடி என்றால் முன்னறிவிப்பும் அதற்குக் குறையாது நீள வேண்டும். ஓடை கையிலிருந்ததால் இது எளிதாயிற்று.

இரண்டாவது, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவான எஃப்டிஎஸ்பி என்னும் நேர ஒத்திசைவு நெறிமுறை. செய்தியின் பைட் எல்லைகள் ஒவ்வொன்றிலும் நேரத்தைக் குறித்து, செயலியின் தாமதத் தடுமாற்றத்தை வடிகட்டி, ஒரு தாவலுக்குச் சில மைக்ரோவினாடிக்குள் கடிகாரங்களை அது ஒத்திசையச் செய்தது. துப்பாக்கிச் சூட்டின் ஒலி பல கணுக்களை எட்டும் நேர வேறுபாட்டிலிருந்து சுட்டவரின் இடத்தைக் கண்டறிய அதே குழு முயன்றது. ஒலி ஒரு மில்லிவினாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்லும். கடிகாரங்கள் சில மில்லிவினாடி பிசகினாலே இடம் மீட்டர்க் கணக்கில் பிசகும்.

பொதி எல்லை: மைக்காசெட், டெலோஸ்

ஐஇஇஇ 802.15.4 தரநிலை 2003இல் ஏற்கப்பட்டது. அதற்கேற்பச் சிப்கான் வெளியிட்ட சிசி2420, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வினாடிக்கு 250 கிலோபிட் அனுப்பியது. உலகின் பெரும்பகுதியில் உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க பட்டை அது. 916 மெகாஹெர்ட்ஸ் கணுவை வாங்கிவிட்டு உள்நாட்டு விதியைத் தேடும் இடர் இதில் இல்லை. வைஃபையோடு பட்டையைப் பகிரும் இடர் மட்டும் புதிதாகச் சேர்ந்தது.

மைக்காசெட் பழைய ஏடிமெகா128எல் செயலியோடு இப்புதிய ரேடியோவைச் சேர்த்தது. போலாஸ்டர், செவ்சிக், கல்லர் ஆகியோரின் டெலோஸ் இரண்டையும் மாற்றியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எம்எஸ்பி430 என்னும் 16 பிட் செயலி தெரிவாயிற்று. 2005ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர்கள் தரும் ஒப்பீடு இன்றும் படிக்கத்தக்கது. உறக்கத்தில் டெலோஸ் 5.1 மைக்ரோஆம்பியர், மைக்கா2 19, மைக்காசெட் 27. செயலி விழிக்க டெலோஸுக்கு 6 மைக்ரோவினாடி, மற்ற இரண்டுக்கும் 180. செயலி இயங்குகையில் 1.8 மில்லிஆம்பியருக்கு எதிராக 8.

ஆனால் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும் வரிசைக்கு வந்தால் நிலை மாறுகிறது. டெலோஸ் 21.8 மில்லிஆம்பியர், மைக்கா2 15.1 மட்டுமே. புதிய ரேடியோ கேட்பதற்கு அதிகம் உண்கிறது. அது போதாதென்று, டெலோஸ் அனுப்பும்போது 19.5, கேட்பது அனுப்புவதைவிடச் செலவாகிவிட்டது. ஏற்பியைத் திறந்தே வைத்தால் 2200 மில்லிஆம்பியர்-மணி ஏறத்தாழ நான்கு நாளில் தீரும். நூற்றில் ஒரு பங்கு நேரமே திறந்தால் அதே மின்கலம் ஓராண்டைத் தாண்டும்.

அப்படியாயின் இத்தெரிவு எவ்வாறு சரியாயிற்று? விடை கால அளவில் இருக்கிறது. 30 பைட் செய்தி, குறியாக்கச் சுமையை விட்டுவிட்டால், 10 கிலோபிட் வேகத்தில் 24 மில்லிவினாடி எடுக்கும், 40இல் 6, 250இல் ஒன்றுக்கும் குறைவு. மின்னோட்டம் கூடினாலும் நேரம் அதைவிடப் பன்மடங்கு குறைகிறது. இவ்வளவு குறுகிய வேலைக்கு ரேடியோவை எழுப்பவே டெலோஸில் 580 மைக்ரோவினாடி ஆகும். மைக்கா2இல் 1800 ஆகும். விழிக்கும் நேரம் வேலை நேரத்தோடு ஒப்பிடத்தக்கதாகிவிட்ட நிலையில், மெதுவாக விழிக்கும் செயலியோடு வேகமான ரேடியோவை இணைப்பது பொருளற்றது. மைக்காசெட் ஓர் இடைநிலையாகவே நின்றதற்கு இதுவே காரணம் எனலாம். மின்னழுத்தமும் ஒரு காரணம். இரண்டு ஏஏ மின்கலங்கள் முற்றும் தேய்ந்தால் 1.8 வோல்ட்டுக்கு இறங்கும். டெலோஸின் செயலி அதுவரை இயங்கும், ஏடிமெகா128எல் 2.7 வோல்ட்டிலேயே நின்றுவிடும். மின்கலத்தில் எஞ்சியிருந்த ஆற்றல் மைக்கா வரிசைக்குப் பயன்படாமலே போயிற்று.

டெலோஸ் விட்டுக்கொடுத்ததும் உண்டு. எம்எஸ்பி430எஃப்1611 செயலியில் 10 கிலோபைட் ரேம் கிடைத்தது. நிரலுக்கு 48 கிலோபைட்தான். 16 பிட் முகவரியால் 64 கிலோபைட்டுக்கு மேல் எட்ட முடியாது. ரேமை விரித்தால் நிரல் சுருங்க வேண்டும். பின்னாளில் இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பைக் கணுவுக்குள் கொண்டுவந்தோர் இச்சுவரில்தான் முட்டிக்கொண்டனர்.

எல்லை நகர்ந்ததன் விலை

சிசி2420 பொதியைத் தவிர வேறொன்றையும் ஏற்காது. செயலி முழுப்பொதியையும் 128 பைட் இடையகத்தில் நிரப்பி ஒரு கட்டளை இடும். மற்றதை ரேடியோ பார்த்துக்கொள்ளும். முன்னறிவிப்புத் தொடரைச் சில பைட்டுகளுக்கு மேல் நீட்ட வழியில்லை. ஒரு முழுப்பொதியே நான்கு மில்லிவினாடியில் முடிந்துவிடும் ரேடியோவில் 100 மில்லிவினாடி முன்னறிவிப்புக்கு இடமேது? பி-மேக் அதன் மூல வடிவில் இங்கு இயங்க முடியாமற்போயிற்று.

2006இல் வந்த எக்ஸ்-மேக் இதற்கு மாற்று. நீண்ட ஒலிக்குப் பதிலாக, பெறுநரின் முகவரி தாங்கிய குறும்பொதிகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பும். பெறுநர் விழித்ததும் இடையிலேயே பதில் சொல்லிவிடும். இதனால் மற்றக் கணுக்கள் வீணாகக் கேட்டிருப்பதும் தவிர்ந்தது. இது பி-மேக்கைவிடச் சிறந்த கருத்து என்று நூல்கள் பாராட்டுகின்றன. பாராட்டு தகும். ஆயினும் அது சுதந்திரமான சிந்தனையில் மட்டும் பிறந்ததன்று. பழைய வழியைப் புதிய சில்லு அடைத்துவிட்டதும் அதன் பிறப்புக்குக் காரணம்.

நேர ஒத்திசைவை ஒற்றைக் கம்பி காப்பாற்றியது. பொதியின் தொடக்கக் குறி வானில் கடக்கும் கணத்தில் சிசி2420இன் ஒரு முனை உயரும். டெலோஸ் வடிவமைப்பாளர்கள் அம்முனையைச் செயலியின் நேரங்குறிக்கும் உள்ளீட்டோடு இணைத்தனர். பைட்டுகளின் ஓடை மறைந்த பின்னும் இக்கம்பியின் வழியே நுண்ணிய நேரம் கிடைத்தது. அது இல்லாதிருந்தால், மைக்கா2இல் எட்டிய துல்லியத்தை டெலோஸில் மீண்டும் எட்டுவது கடினமாகியிருக்கும். சில்லுகளின் பெயரை மட்டும் தரும் அட்டவணையில் இக்கம்பிக்கு இடமில்லை.

மாற்று வழி ஒன்றும் அப்போதே காட்டப்பட்டிருந்தது. ஜேசன் ஹில் தம் 2003ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வில் ‘ஸ்பெக்’ என்னும் சில்லை உருவாக்கினார். சுமார் 5 சதுர மில்லிமீட்டரில் 8 பிட் செயலியும் அலைபரப்பியும் அடங்கின. பிட்டைத் திரட்டல், தொடக்கக் குறி தேடல் போன்ற வேலைகளுக்குத் தனித்தனித் துணைக்கருவிகள். எது வேண்டுமோ அதை மட்டும் நிரலாளர் எடுத்துக்கொள்ளலாம். எல்லையை ஓரிடத்தில் அடித்து நிறுத்தாமல் அதைத் தெரிவுக்கு விடுவதே ஹில்லின் கருத்து. சந்தை அவ்வழி செல்லவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2006 தொடக்கத்தில் சிப்கானை வாங்கிற்று. டெலோஸின் செயலியும் ரேடியோவும் ஒரே நிறுவனத்தின் பொருள்களாயின. சிசி2430 போன்ற சில்லுகளில் செயலியும் ரேடியோவும் ஒரே துண்டில் சேர்ந்தன. எல்லை மட்டும் பொதியிலேயே நின்றது.

டெலோஸின் தெரிவு இன்றைய ஆய்வு மேசைகளிலும் தொடர்கிறது. கான்டிகி இயங்குதளத்தின் கூஜா பாவிப்பான், டெலோஸின் வணிக வடிவமான டிமோட் ஸ்கையைக் கட்டளைக்குக் கட்டளை போலச் செய்கிறது. உண்மைக் கணு வாங்க வசதியற்ற ஆய்வகங்களுக்கு அது பெருந்துணை. அதில் பெறப்படும் ஆற்றல் கணக்கு, ரேடியோ விழித்திருந்த நேரத்தைத் தரவேட்டின் மின்னோட்டத்தால் பெருக்கிக் கிடைப்பது. அந்த மின்னோட்டம் பெரும்பாலும் சிசி2420இன் 18.8 மில்லிஆம்பியர். அதே 802.15.4 தரநிலைக்கு அதே நிறுவனம் பின்னர் வெளியிட்ட சிசி2650 கேட்பதற்கு 5.9 மில்லிஆம்பியரும், அதே திறனில் அனுப்புவதற்கு 6.1 மில்லிஆம்பியரும் கொள்கிறது. கேட்பது அனுப்புவதைவிடச் செலவு என்னும் உறவே அதில் தலைகீழாகியிருக்கிறது. ஸ்கை கணுவின் எண்களைக் கொண்டு ஒரு நெறிமுறை மற்றொன்றைவிட இத்தனை விழுக்காடு சிக்கனமானது என்று நிறுவும் ஆய்வேடுகள், 2004இல் மூவர் செய்த தெரிவு ஒன்றையும் தம்மோடு சேர்த்தே நிறுவுகின்றன.